குண்டு பின், சின்ன பின்

ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் எனக்கும் மனைவிக்கும் சண்டை வரும். லேப்டாப்புக்கு ஒரு சார்ஜர், என் போனுக்குச் சின்ன பின், அவள் போனுக்குக் குண்டு பின் என்று பையில் பாதி ஒயர்தான்.

"எல்லாத்துக்கும் சேர்த்து ஒண்ணு வாங்கித் தொலைங்களேன்" என்பாள்.

நான் வாங்குவதற்குள், சிறுசேரியில் அவள் வேலை பார்த்த கம்பெனி அவளை ஆன்சைட் என்று வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டது. மூன்று மாதம் என்றார்கள். ஒரு வருடம் ஓடிவிட்டது.

தாம்பரம் வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காத ஒரு வெள்ளிக்கிழமை, லீவு போட்டுவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். தரையில் கடை விரித்திருந்தவர் லேப்டாப், போன் எல்லாவற்றுக்கும் ஒரே சார்ஜர் வைத்திருந்தார்.

"போனுக்கு இன்னா பின் சார், குண்டா, சின்னதா?"

"ரெண்டும் வேணும்."

"கையில ஒரு போன்தானே கீது?"

"வீட்ல ரெண்டு பேர்" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

அன்று மாலையே அவளைக் கூப்பிட்டு, "இனிமே ஊருக்குப் போனா ஒரே சார்ஜர்தான், உன் குண்டு பின்னும் இருக்கு" என்றேன் பெருமையாக.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "அந்த போன் இப்ப இல்லைங்க. இங்கேயே வேற வாங்கிட்டேன். அதுக்கு ரெண்டுமே சேராது."

எப்போது வருவாய் என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தேன். புது போனுக்கு என்ன பின் என்று கேட்டுவிட்டு வைத்தேன்.