தம்பியின் உண்ணாவிரதம்

என் தம்பி என்னை எதிர்த்து உண்ணாவிரதம் இருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

சிரிக்காதீர்கள். காவிரியில் தண்ணீர் வராவிட்டால் உண்ணாவிரதம், வந்த தண்ணீர் கடைமடைக்கு எட்டாவிட்டால் உண்ணாவிரதம், நெல்லைக் கொள்முதல் பண்ணாவிட்டால்... எங்கள் பக்கம் ஒருவன் சோற்றுத் தட்டைத் தள்ளினால் வேறென்ன நினைப்போம்? நானே எத்தனையோ பந்தலில் உட்கார்ந்தவன் — மதியச் சாப்பாடு வரைக்கும்.

காரணமும் இருந்தது. வாய்க்கால் ஓரத்து நிலத்தை மனை போடுகிறவரிடம் விற்கப் பேசிக்கொண்டிருந்தேன். தம்பி செல்வத்துக்கு அதில் சரிபங்கு. அவன் பல வருடமாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவன். அதில் தெளிந்து வயல் வேலையெல்லாம் பார்க்கிறவன். அவன் சோறு வேண்டாம் என்றதும் எனக்கு ஊர் வாய்தான் நினைவுக்கு வந்தது. வியாதிக்காரத் தம்பியைப் பட்டினி போட்டு நிலத்தைப் பிடுங்கினான் என்று ஊர் பேசாதா?

வயிறு வலிக்கிறது என்று அவன் சொல்லத்தான் செய்தான். வியாதி பேசுகிறது என்று விட்டுவிட்டேன்.

ஆரஞ்சு ஜூஸோடு ஓடினேன். போராட்டத்தை முடித்துவைக்கிற தலைவர் தோரணை வேறு... தோளில் துண்டுகூடப் போட்டுக்கொண்டேன். நிலத்தை விற்கவில்லை, இதைக் குடி என்றேன். அண்ணன் சொல்லைத் தட்டாமல் இரண்டு வாய் குடித்தான். குடித்த வேகத்தில் பச்சையாக வாந்தி. கைலிக்கு மேலே வயிறு தவில் மாதிரி உப்பியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"நெலத்த வித்துக்கங்கண்ணே. எனக்கு வெளிக்கே போகல... அண்ணி இருக்காங்கன்னு சொல்லல."

அந்த அண்ணி அதற்குள் ஆட்டோவை வாசலுக்குக் கொண்டுவந்திருந்தாள். என்னைப் பார்த்து, "தலைவரே, ஏறுங்க" என்றாள்.

தஞ்சாவூரில் டாக்டரம்மா விளக்கினார். மனநோய்க்கான மாத்திரைகளில் சில, குடலின் அசைவையே மந்தமாக்கிவிடுமாம். மலம் கல்லாகி அடைத்து, குடல் வெடித்து, ஆளே போவதும் உண்டாம்.

"மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க. ஆனா, வெளிக்குப் போறாரான்னு வீட்டுல யாராச்சும் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மாத்திரை போட்டாயா என்று தினமும் கேட்ட வீடுதான். ஒருவருக்கு மனசில் வியாதி என்று தெரிந்துவிட்டால், அவருடைய வயிற்றையும் தூக்கி மண்டைக்குள் வைத்துவிடுகிறோம்... இல்லையா?

அன்றே வயிற்றைத் திறந்தார்கள். குடலில் ஒரு முழம் கறுத்துச் செத்திருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு மீதியை இணைத்துத் தைத்தார்கள். தம்பி பிழைத்தான்.