உடைத்தவரே கூட்ட வேண்டும்

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊர் மாதா கோவிலில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் நிற்கும்போது ஒருவன் மட்டும் எழ மாட்டான். ஆண்கள் பக்கத்தில், தூணை ஒட்டிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பேர் சவரிமுத்து. ஊரிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன். மருந்து செய்யும் படிப்பு படித்தவன். சாமியார் கூப்பிட்டுக் காரணம் கேட்டபோது மறைக்காமல் சொல்லிவிட்டான்.

"ஒருத்தன மன்னிக்கணும்னு சொல்றீங்க சாமி. என்னால முடியல. மனசுல அத வெச்சுக்கிட்டு நாக்க நீட்டுனா அது பொய்யிங்க."

பெண்கள் பக்கம் இருந்து அவன் அம்மா மிக்கேலம்மாள் வாராவாரம் அவனை முறைப்பாள். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிப்பாள். "நாலு பேரு என்னா நெனைப்பாங்க? கோவிலுக்கு வந்தும் சாமி வாங்காத உக்காந்திருக்கியே, உனக்கு நரகந்தான்டா."

"இருக்கட்டும்மா. அங்க அந்தக் குப்புராஜும் வருவான். பாத்துக்கறேன்."

குப்புராஜ் ஓசூரில் ஒரு மாத்திரைக் கம்பெனியின் உற்பத்தி மேனேஜர். எண்பத்து நாலில் சவரிமுத்து படிப்பை முடித்து, இஸ்திரி போட்ட ஒரே சட்டையோடு போய்ச் சேர்ந்தது அங்கேதான். மாவைப் பசையோடு பிசைந்து, குருணையாக்கி, காயவைத்து மெஷினுக்கு அனுப்புவது அவன் வேலை. ஒருமுறை பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று குப்புராஜ் மெஷினை அதன் கட்டுக்கு மீறி ஓடவிட்டார். மாத்திரைகளின் மேல்பாகம் தொப்பி கழன்ற மாதிரி தனியாகப் பெயர்ந்து வர ஆரம்பித்தது. சவரிமுத்து ஓடிப்போய்ச் சொன்னான்.

"சார், வேகத்தக் கொறைங்க சார். குருணைக்குள்ள இருக்கற காத்து வெளிய போறதுக்குள்ள அமுக்கிடுது. அதான் தலை பறக்குது."

"ராகிக் களி திங்கறவன் எனக்குக் காத்தப் பத்திப் பாடம் எடுக்கறான் பாருங்கய்யா" என்றார் குப்புராஜ். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் அத்தனையும் உடைசல். முதலாளி வந்து நின்றார். குப்புராஜ் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "மாவு சரியில்ல சார். யாரு கலந்தது? இவன்தான்" என்று கையை நீட்டினார். முதலாளி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சீட்டைக் கிழித்து வெளியே அனுப்பியதோடு விட்டிருந்தால்கூட சவரிமுத்து தாங்கியிருப்பான். குப்புராஜ் ஒரு விளக்குமாற்றைக் கொண்டுவரச் சொன்னார். "கூட்டிட்டுப் போடா. மூலையெல்லாம் கூட்டு." கம்பெனியே வேடிக்கை பார்க்க, பட்டம் வாங்கிய கை குனிந்து கூட்டியது.

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்கள் வழியாகச் செய்தி அவனுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் பேர் 'உடைசல்'. டீக்கடையில் நுழைந்தால், "வாய்யா உடைசலு. கிளாஸக் கெட்டியாப் புடி" என்பார்கள். நல்ல பேரைக் கெடுத்தவன் வாயாலேயே அது திரும்பி வர வேண்டும், அதுவும் நாலு பேர் முன்னால். இதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இல்லை.

பிறகு தர்மபுரி பக்கம் புதிதாகத் தொடங்கிய ஒரு மருந்தாளுநர் பள்ளியில் அவனுக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. அங்கே மாத்திரை மெஷின் என்பது கரும்பலகையில் சாக்பீஸால் போட்ட படம். பிள்ளைகள் அதைப் பார்த்து வரைந்து, பாகங்களுக்குப் பேர் எழுதி, மார்க் வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். கம்பெனி மெஷின் ஒரு மாட்டு வண்டி அளவு இருக்கும். விலை கேட்டாலே பிரின்சிபால் ராஜாமணிக்கு வியர்க்கும்.

"மேஜை மேல வெக்கற மாதிரி சின்னதா நானே ஒண்ணு செய்யறேங்க சார். கையால சுத்தற மெஷினு. பசங்க கண்ணால பாக்கட்டும்" என்றான் சவரிமுத்து. அது நிஜம்தான். பாதி நிஜம்.

பாலக்கோட்டில் கரும்பாலைக்குப் போகிற வழியில் சென்றாயனின் லேத் பட்டறை. டிராக்டர் சாமானும் கரும்பு பிழியும் உருளையும் கடைகிற ஆள். சவரிமுத்து லீவு நாளெல்லாம் அங்கேயே கிடந்தான். மாத்திரை அளவுக்குத் துளை போட்ட இரும்புக் கட்டை ஒன்று வேண்டும். அதற்கு டை என்று பேர். மேலிருந்தும் கீழிருந்தும் அந்தத் துளைக்குள் வந்து மாவை அமுக்க இரண்டு பஞ்ச் வேண்டும். முதலில் கடைந்த பஞ்ச் நாலு அமுக்கில் நசுங்கிப் போனது. அப்புறம் பழைய லாரி ஆக்சிலை வெட்டிக் கடைந்தார்கள்.

"கரும்புக்கே பல்லு வெச்சவன்யா நானு. சுண்டு வெரல் நுழையாத ஓட்டைக்கு என்னை இந்தப் பாடு படுத்தறியே" என்பார் சென்றாயன்.

"மயிரிழை ஆடுனாலும் ஒடஞ்சிரும்ணா. ஒடஞ்சா அவன் ஜெயிச்ச மாதிரி."

"எவன்யா?"

"ஒருத்தன் இருக்கறான்ணா. நீங்க கடைங்க."

தையல் மெஷினின் சக்கரம் கைப்பிடியானது. மண்ணெண்ணெய் ஊற்றும் புனல், மாவு கொட்டும் வாயானது. முன்பக்கம் கண்ணாடி வைத்தான், உள்ளே நடப்பதெல்லாம் தெரியும்படி. முதல் முழு மாத்திரை டக்கென்று தட்டில் விழுந்தபோது சென்றாயன் அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். சுண்ணாம்புத் தூளும் கிழங்கு மாவும்தான். மருந்து எதுவும் கிடையாது.

"இதத் தின்னா என்ன நோயிய்யா தீரும்?"

"உங்களுக்கு ஒண்ணும் தீராதுண்ணா. எனக்குத் தீரும்."

மெஷின் லேபுக்கு வந்த நாளிலேயே சவரிமுத்து ஒரு சட்டம் போட்டான். மாத்திரையை உடைத்தவர் யாரோ அவரே கூட்ட வேண்டும். பையன், பெண், வாத்தியார் என்று பேதம் கிடையாது. ஒருமுறை பிரின்சிபாலே ஆசையாகச் சுற்றிப் பார்த்து உடைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டினார். பிள்ளைகளுக்கு அது பெரிய சந்தோஷம்.

ஈர மாவின் பதத்துக்கு அவன் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "உங்க வூட்ல ராகிப் புட்டுக்கு மாவு பிசிறுவாங்கல்ல? புடிச்சா உருண்டையா நிக்கணும், தட்டுனா உதிரணும். அதான்." கைப்பிடி சுற்றுவதற்கும் ஒரு கணக்குச் சொன்னான்: ஒரு மூச்சுக்கு ஒரு சுற்று. மூச்சை இழுத்து விடும் நேரத்துக்குள் சுற்று முடிந்துவிட்டால் அது தப்பு. அரூர்ப் பக்கத்திலிருந்து வந்த செல்லி என்கிற பெண் அதில் கெட்டிக்காரி. அவள் சுற்றினால் ஒன்றுகூட உடையாது.

எண்பத்தேழில் லேப் திறப்பு விழா என்று ராஜாமணி பேச்செடுத்ததும், சிறப்பு விருந்தினராக யாரைக் கூப்பிடலாம் என்று சவரிமுத்துவே சொன்னான்.

விழா அன்று காலையில் அவன் ஒரு வேலை செய்தான். குருணையை மாடியில் கொண்டுபோய் வெயிலில் இன்னும் கொஞ்சம் காயவிட்டான். அன்றைக்கு ஓசூரில் இருந்த அதே பதம். நிதானமாகச் சுற்றினால் முழு மாத்திரை வரும். அவசரப்பட்டால் தலை பறக்கும். இதைக் கண்டுபிடிக்கவே அவன் பல மாதம் உட்கார்ந்திருந்தான்.

குப்புராஜ் காரில் வந்து இறங்கினார். மாலை போட்டார்கள். சவரிமுத்துவை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பிதான் செஞ்சதா? பரவால்லியே. எந்த ஊரு?"

அடையாளமே தெரியவில்லை. தான் இத்தனை வருஷம் சோற்றோடு சேர்த்து மென்ற முகத்துக்குத் தன் முகம் ஞாபகமே இல்லை என்பது சவரிமுத்துவுக்குப் பழைய காயத்தைவிட அதிகமாக எரிந்தது. சிரித்தபடி, "பாப்பாரப்பட்டிப் பக்கமுங்க சார். நீங்களே சுத்தித் தொடங்கி வெச்சிருங்க" என்றான்.

"மெதுவா சுத்துங்க சார், ஒரு மூச்சுக்கு ஒரு சுத்து" என்று செல்லி சொன்னாள்.

"ஏம்மா, ஒரு நாளைக்கு லட்சக்கணக்குல போடறவன்மா நானு" என்று குப்புராஜ் சட்டைக் கையை மடித்தார். சக்கரத்தை விறுவிறுவென்று சுற்றினார். டக் டக் டக்கென்று தட்டு நிறைந்தது. ஒவ்வொன்றும் தலை வேறு, உடம்பு வேறு. பாதி தரையில் உருண்டு ஓடியது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

குப்புராஜ் கண்ணைச் சிமிட்டவில்லை. "மாவு சரியில்ல. யாரு கலந்தது?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் சவரிமுத்து காத்திருந்தான். ஆனால் இப்படி எழுத்துப் பிசகாமல் வரும் என்று அவனே நினைக்கவில்லை.

"நான்தாங்க சார். ஓசூர்லயும் நான்தாங்க கலந்தேன்."

குப்புராஜின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. சவரிமுத்து திரும்பினான். "செல்லி, நீ சுத்தும்மா. அதே மாவு."

செல்லி மூச்சை இழுத்து விட்டுச் சுற்றினாள். முழு மாத்திரை. இன்னொரு சுற்று. இன்னொரு முழு மாத்திரை. 

"இப்பச் சொல்லுங்க சார். மாவா, வேகமா?"

குப்புராஜ் தொண்டையைச் செருமினார். ராஜாமணியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வாசல் முழுக்கப் பிள்ளைகள். "வேகந்தான்" என்றார், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலீங்க சார்."

"வேகந்தான்யா!"

செல்லிக்கு முன்கதை எதுவும் தெரியாது. சட்டம் மட்டுமே தெரியும். மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்துவந்து மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள். "சார், ஒடச்சவங்கதானுங்க கூட்டணும்."

ராஜாமணி பதறினார். "ஏய், அத உள்ள கொண்டு போ பாப்பா!"

"நீங்களே கூட்டுனீங்களேங்க சார்" என்றான் சவரிமுத்து. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு குப்புராஜ் குனிந்தார்.

"மேஜைக்கு அடியில ஒண்ணு கெடக்குது பாருங்க சார்."

அதன் பிறகு அந்தக் கம்பெனி இந்தப் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றிப் பார்க்கக்கூட உள்ளே விடவில்லை. ராஜாமணி ரொம்ப நாள் சவரிமுத்துவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பிள்ளைகள் வழியாகச் செய்தி ஊருக்கும் வந்தது; டீக்கடையில் 'உடைசல்' என்று கூப்பிடுவது ஓய்ந்தது.

விழாவுக்கு அடுத்த ஞாயிறு கோவிலுக்குக் கிளம்பும்போது மிக்கேலம்மாள் கேட்டாள். "அதான் தீந்துபோச்சே. இன்னிக்காவது சாமி வாங்குவியா?"

"மொதல்ல சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்மா. அதுக்கு, செஞ்சத நெனச்சு மனசு வருந்தணும். எனக்கு வர்றதெல்லாம் சிரிப்புதான்."

அவள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு நின்றாள்.

"ஏன்டா சவரி, மூலையெல்லாம் கூட்டுனானா?"

"கூட்டுனாம்மா. முட்டி போட்டுக் கூட்டுனான்."

"முட்டி போட்டா?"

"ஆமாம்மா."

பூசையில் நற்கருணை நேரம் வந்தது. ஊரே எழுந்து வரிசையில் நின்றது. சவரிமுத்து வழக்கம்போலத் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தான். பெண்கள் பக்கம் பார்த்தான். அங்கே மிக்கேலம்மாளும் எழவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சிரிப்பில் தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள்.