நான் தடுத்த ஆள்மாற்று

பலெர்மோவில், சில்லுச் சப்பாத்துப் போட்டு ஹொக்கி ஆடும் தொழில்முறைக் கழகம் ஒன்றின் சாமான் அறையில் எனக்கு வேலை. சில்லுகளைக் கழற்றிப் பூட்டுவது, மட்டைகளுக்கு நாடா சுற்றுவது, வியர்வை நாறும் உடுப்புகளைத் தோய்ப்பது. எந்த வீரனை வாங்குவது, யாரை விடுவது என்பதெல்லாம் மேல்மாடிக் கதை. அந்தக் கதைக்குள் ஒருநாள் நான் போய் விழுந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது கத்திக் கெடுகிறது. என் கேடு சொல்லே இல்லாத ஒரு சத்தத்தில் தொடங்கியது.

அந்தக் குளிர்காலம் எங்கள் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. வடக்கே ஓர் அணியில் இருபத்திரண்டு வயதில் கோலாகப் போட்டுத் தள்ளும் ஒருவன் இருந்தான். அவனைத் தருகிறோம், பதிலுக்கு உங்கள் கோல் காப்பாளரையும் தடுப்பாட்டக்காரர் இருவரையும் தாருங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். இங்கே அதற்கு ஸ்காம்பியோ என்று பெயர். வீட்டில் நான் ஆள்மாற்று என்பேன். பயிற்சியாளர் உடனே செய்வோம் என்றார். மேலாளர் பயந்தார். மூன்று பேரைக் கொடுத்து ஒருவனை எடுத்து, அவனும் காயப்பட்டுப் படுத்தால் பிறகு யாரை வைத்து ஆடுவது என்பது அவருடைய கேள்வி. நடுவில் கழகத் தலைவர். பதினேழாம் இலக்கச் சட்டையை எவருக்கும் கொடுக்க விடாத மனிதர் அவர். இத்தாலியில் பதினேழு கூடாத எண்.

மறுநாள் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலையில், மத்தியானம் அவர் சாமான் அறைக்கு இறங்கி வந்தார். ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, எனக்குத் தெரியாதது போல முழுக் கதையையும் சொன்னார். கடைசியில், “நீ சொல். செய்யலாமா?” என்று கேட்டார். பதினொரு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதுவரை எல்லாம் கட்டளை.

கோல் காப்பாளரின் கால் கவசங்கள் மேலே கொளுக்கியில் தொங்கின. பெண்டாட்டி பிள்ளைகளோடு இங்கே வேரூன்றிவிட்ட மனிதன், அவனை மூட்டைபோலத் தூக்கி அனுப்பப் போகிறார்களே என்று மனம் கசிந்தது. அண்ணாந்து அந்தக் கவசங்களைப் பார்த்து உச்சுக் கொட்டினேன்.

எங்கள் தமிழ் ஆட்கள் பாவம் பார்த்தால் உச்சுக் கொட்டுவார்கள். சிசிலிக்காரன் நாடியை நிமிர்த்தி அதே சத்தத்தைப் போட்டால் அது ‘இல்லை’. சும்மா இல்லையும் அல்ல, இனிக் கதைக்க இடமில்லாத இல்லை. இது எனக்குத் தெரியாததல்ல. மீன் விலை குறைப்பாயா என்று கேட்டு பல்லரோச் சந்தையில் எத்தனை தரம் அந்தச் சத்தத்தை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். பழக்கதோஷம், நாக்கு முந்திவிட்டது.

தலைவர் எழுந்து நின்றார். ஏன் இல்லை என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை ஐயா, பாவம் பார்த்தேன் என்று விளக்க வேண்டும். அந்த நேரத்தில் இத்தாலியன் முழுவதும் எனக்கு மறந்துபோனது. பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கார்த்திகையில் அந்த வடக்கு அணி இங்கே ஆட வந்தபோது அவர்களுடைய சாமான் பை ஒன்று வந்து சேராமல், அவர்கள் இப்போது தருவதாகச் சொல்லும் அந்தப் பிள்ளையின் சில்லுகளை நான்தான் மாற்றிக் கொடுத்தேன். இடது சப்பாத்தின் சில்லுகள் தேய்ந்து போயிருந்தன. வலதில் தேய்மானமே இல்லை. அவன் வலது காலை ஊன்றி உதைப்பதில்லை, முழங்காலில் ஏதோ இருக்கிறது என்றேன். தலைவர் என் தோளைப் பிடித்து அமத்திவிட்டு மேலே போனார். பின்னேரமே ஆள்மாற்று இல்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் எனக்கு அது உறைத்தது. அந்த ஆட்டத்துக்கு முந்தின கிழமை அவர்கள் வலதுபக்கச் சில்லுகளை மட்டும் புதிதாகப் பூட்டியிருந்தால்?

அந்தப் பிள்ளையை வேறோர் அணி எடுத்தது. முதல் ஆட்டத்தில் மூன்று கோல். அடுத்ததில் நான்கு. ஒரேத்தோத் தெருவில் எங்கள் வீட்டுக் குசினியில் இருந்து கைபேசியில் ஒவ்வொரு ஆட்டத்தையும் பார்த்தேன். அவன் வலது காலை ஊன்றித் திரும்பும்போதெல்லாம் உன்னிப்பாகப் பார்த்தேன். நொண்டவே இல்லை. இங்கே நாங்கள் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றுக்கொண்டே இருந்தோம். தலைவரோ, சில்லுக்காரன் சொன்னான் நான் கேட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் சாமான் அறை வாசலில் நின்று, சிரிக்காமல் சொன்னார்: “அவன் இந்தப் பருவத்தை நல்லபடியாக முடித்தால், ஜூனில் நீயும் நானும் கதைப்போம்.”

ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது. ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூராவுக்கு, அதாவது பொலிஸ் தலைமையகத்துக்குப் போனால், இங்கே இருக்க விடும் அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க மாட்டார்கள். மனைவிக்கு லிபெர்த்தாத் தெருவில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் நாளுக்கு நாலு மணித்தியால வேலைதான். அதை வைத்து நாங்கள் இந்த ஊரில் இருக்க முடியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சரிதான். தபால்காரன் மணியடித்தாலும் மனைவியைத்தான் கதவு திறக்க அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் கிறிஸ்தவம், சைவம் பாராமல், இந்த ஊரைக் காக்கும் புனிதையின் பெல்லெக்ரீனோ மலைக் குகைக் கோயிலுக்கு ஏறுவார்கள். மாசியில் ஒரு ஞாயிறு நானும் மனைவியோடு ஏறினேன். குகைக்குள் சுவரெல்லாம் நீர் கசியும் குளிரில் முழந்தாளிட்டு, நேர்த்தி வைத்தேன். என் சொல் பொய்க்கக் கூடாது தாயே, பொய்க்காவிட்டால் வெறுங்காலோடு நடந்து வருகிறேன்.

இறங்கும்போது மனைவி கேட்டாள்.

“என்ன நேர்த்தி வைச்சனீங்கள்?”

சொன்னேன். அவள் நடையை நிறுத்திவிட்டாள்.

“அப்ப அந்தப் பிள்ளையின்ர கால் முறியோணும் எண்டோ கேட்டனீங்கள்?”

“சும்மா விசர்க்கதை கதையாதை. நான் அப்பிடிக் கேக்கேல்லை.”

“உங்கட சொல் பொய்க்காமல் இருக்க வேற என்ன நடக்கோணும், சொல்லுங்கோ பாப்பம்?”

எனக்குக் கோபம் வந்தது. அவளை விட்டுவிட்டு முன்னால் விறுவிறென்று நடந்தேன். அவள் கேட்டது சரி, அதுதான் கோபம்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை, நான் கைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. அவனை யாரும் இடிக்கவில்லை. பந்தோடு தனியாக வந்தவன் வலது காலை ஊன்றித் திரும்பினான். முழங்கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாகப் போயின. தரையில் கிடந்து அவன் கத்தினான். பார்வையாளர் வரிசையில் இருந்து ஒரு பெண் தடுப்பைத் தாண்ட முயன்றாள். தாயாக இருக்க வேண்டும்.

எனக்கு முதலில் வந்தது பெருமூச்சு. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. கதிரையில் சாய்ந்து, நெஞ்சு லேசாகி, அப்பாடா என்றேன். தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு நின்ற மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை தலைவர் சாமான் அறைக்கு ஓடி வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். இரண்டு வருடத்துக்குப் புது ஒப்பந்தம் என்றார். பயிற்சியாளர் முதல் தடவையாக எனக்குக் கை தந்தார். கோடையில் இன்னும் இரண்டு பெரிய மாற்றுகள் வருகின்றன, சப்பாத்துகளைத் தருவித்து உனக்குக் காட்டுகிறோம், பார்த்துச் சொல் என்றார்கள். தலையாட்டினேன். சில்லு கழற்றும் சாவியைக் கீழே வைத்தேன். அந்தச் சப்பாத்துகளைப் போட்டு ஓடுகிறவர்களுக்கும் தாய்மார் இருப்பார்கள் என்ற நினைப்பு வந்துவிட்டது.

அந்தப் பிள்ளைக்கு இரண்டு சத்திரசிகிச்சை என்று கேள்விப்பட்டேன். இனி ஆடுவானா என்பது தெரியவில்லையாம்.

நேர்த்தியைச் செய்யாமல் விடவும் பயம். எங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

“இஞ்சேருங்கோ, நீங்கள் போட்டு வாங்கோ. நான் வரேல்லை” என்றாள் மனைவி.

வெறுங்காலோடு தனியே ஏறினேன். வெயிலில் கல் சுட்டது. வழியில் கண்ட எங்கள் ஆட்கள், பெர்மெஸ்ஸோ கிடைச்சிட்டுதோ என்று சிரித்தபடி கேட்டார்கள். ஓம் என்றேன். குகைக்குள் போய் மெழுகுதிரி கொளுத்தி முழந்தாளிட்டேன். அந்தப் பிள்ளையின் கால் குணமாக வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். வாயைத் திறந்தேன். அவன் குணமாகி வந்து மறுபடி கோல் போட்டால் தலைவர் என்ன சொல்லுவார் என்று உடனே யோசித்தேன். வாயை மூடிக்கொண்டேன். கேட்டால் கிடைத்துவிடும் என்று பயமாக இருந்தது.