விடு மக்கா, நான் உண்டு

முறிவெண்ணெய் வாடை மூக்கில் ஏறினால் எனக்குப் பசிக்கும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நெய்யாற்றின்கரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் புதிதாக வந்திருக்கும் டர்ஃப் மைதானத்தில், வலைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மகள் ஆபீஸ் தோழிகளோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் முட்டியில் எண்ணெயைத் தேய்த்தாள். வாடை வந்ததும் என் வயிறு அவித்த முட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டது.

கல்லூரியில் பயிற்சி முடிந்து அடிபட்ட இடத்தில் முறிவெண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காரும்போதுதான் ஆளுக்கொரு அவித்த முட்டையும் ஏத்தன் வாழைப்பழமும் தருவார்கள். நான் கால்பந்து அணியில் சேர்ந்ததே அதற்காகத்தான். பெண்கள் அணி வேண்டும் என்று புதிதாக வந்த விளையாட்டு சார் ஒற்றைக்காலில் நின்றார். கோ-கோ ஆடுகிறவள், ஓட்டக்காரி, என்.சி.சி.யில் இடம் கிடைக்காதவள் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் வாரிக்கூட்டினார். எனக்குப் பந்து என்றாலே பயம். ஆனால் ஓடுவேன். பாறசாலையில் புறப்பட்டுவிட்ட பஸ்ஸைத் துரத்திப் பிடித்துப் பழகிய ஓட்டம் அது. அதை நம்பி என்னை முன்வரிசையில் போட்டார். பக்கத்தில் அம்பிகா. ஆள் ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள், உதைத்தால் பந்தைத் தென்னந்தோப்பில் போய்த்தான் தேட வேண்டும்.

ஆண்கள் போட்டுத் தேய்த்த பூட்ஸ்தான் எங்களுக்கு. முனையில் பழைய பேப்பரைத் திணித்துக் கட்டிக்கொள்வோம். முதல் ஆட்டத்தில் தோற்றதும் அழுதோம். அடுத்ததில் தோற்றபோது சாரைத் திட்டினோம். பிறகு அதுவே பழகிவிட்டது. எதிரணிக்காரிகள் கோல் போட்டுக் கட்டிப்பிடித்துக் குதிக்கும் நேரத்தில் நாங்கள் அவிழ்ந்த பூட்ஸைக் கட்டிக்கொள்வோம். ஊர் திரும்பினால் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் அண்ணன் "எத்ர?" என்று மட்டும் கேட்பார். எத்தனை வாங்கினீர்கள் என்று அர்த்தம். ஜெயித்திருப்போமோ என்ற சந்தேகம் அந்த மனிதருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

சாருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. மைதானத்தில் மலையாளம் மட்டும்தான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்க்காரிகளான எங்களில் பாதிப்பேருக்கு வீட்டில் தமிழ். வாய் தவறித் தமிழில் கத்தினால் மற்ற கல்லூரிக்காரிகள் 'பாண்டி' என்று கேலி செய்வார்கள். தோல்வியைக்கூடத் தாங்கிக்கொள்வோம், அதைத் தாங்க முடியாது. அதனால் வீட்டுப் பேச்சை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்குவோம்.

கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் எங்களுக்கு ஒன்றுமில்லை. எதிரணிக்கு அப்படியல்ல, ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. அவர்களுடைய தடுப்பாட்டக்காரி செல்வபாய், எங்களைப் போலவே எல்லையோரத்தில் இருக்கும் காரோடு என்ற ஊர்க்காரி. அவளைப் பற்றி அவள் தோழிகள் குழாயடியில் பேசிக்கொண்டது எங்கள் காதிலும் விழுந்தது. அடுத்த சுற்றைப் பார்க்க யுனிவர்சிட்டி அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருகிறார்கள். செல்வபாயை எடுத்துவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அவள் மேலே படிக்கலாம். இல்லையென்றால் அப்பன் கூலிவேலை செய்கிற வீட்டில் படிப்பு அத்தோடு சரி. 'பாவம், நல்லா இருக்கட்டும்' என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு கோல் வாங்கியிருந்தோம். ஆட்டம் முடியப்போகும் நேரம், பந்து செல்வபாயின் காலை நோக்கி உருண்டது. பின்னாலிருந்து நானும் அம்பிகாவும் ஓடுகிறோம். இரண்டு பேரும் முட்டிக்கொள்ளப் போகிறோம் என்று பயந்து, என் வாயிலிருந்து வீட்டுப் பேச்சு தெறித்துவிட்டது.

"விடு மக்கா, நான் உண்டு!"

அம்பிகா விட்டாள். செல்வபாயும் விட்டாள். நிஜமாகவே பந்தைத் தாண்டிக் காலைத் தூக்கிக்கொண்டாள். நான் ஓடிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தேன். அந்த வருடம் முழுக்க எங்கள் அணி போட்ட ஒரே கோல் அதுதான்.

அவர்களுடைய கோல்கீப்பர் நடுவரிடம் ஓடினாள். எதிராளியை ஏமாற்றக் கத்தினால் கோல் செல்லாது. நடுவர் செல்வபாயைக் கூப்பிட்டு, அந்தக் குட்டி ஆரை விளித்தாள் என்று கேட்டார். என்னைத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோல் போய்விடும், அவள் படிப்பு பிழைக்கும். அவள் என்னைப் பார்த்தாள். பதற்றத்தில் அவளுக்கும் தமிழ்தான் வந்தது.

"அவளுக்க கூட்டுக்காரியையாக்கும் விளிச்சா சாறே. எங்க வீட்டுல அப்பிடித்தான் விளிக்கது. நான்தான் என்னையின்னு நினைச்சுப் போட்டேன்."

ஆட்டம் சமனில் முடிந்தது, அவர்கள் வெளியே. எங்கள் கூட்டம் என்னைத் தோளில் தூக்கியது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த இரண்டாவது முட்டையை நான் தின்றும்விட்டேன், வெட்கம் கெட்ட வயிறு.

ஆனால் என்னை இன்றுவரை அரிப்பது கோல் அல்ல. நான் அம்பிகாவைத்தான் கூப்பிட்டேன், சத்தியம். ஆட்டத்துக்குப் பிறகு குழாயடியில் செல்வபாய் முகம் கழுவிக்கொண்டிருந்தாள், அழுத கண். என்னைக் கண்டதும் கோபப்படவில்லை. "நீ எந்த ஊரு மக்கா?" என்றாள். சொந்தக்காரியைக் கேட்பது மாதிரி கேட்டாள். சுற்றிலும் அவள் ஆட்களும் என் ஆட்களும் நின்றார்கள். நான் "பாறசாலயாணு" என்றேன், மலையாளத்தில். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளும் மலையாளத்துக்கு மாறிக்கொண்டாள். நன்னாயி களிச்சு கேட்டோ என்று என் ஆட்டத்தை மரியாதையாகப் பாராட்டிவிட்டு நடந்தாள். 'நான் உண்டு' என்று கத்தியவளின் லட்சணம் இதுதான்.

அடுத்த வருடம் பெண்கள் அணியும் இல்லை, முட்டையும் இல்லை. அந்த மைதானத்தின் மேல் இன்று நாலுவழிச் சாலை போகிறது. காரோட்டுப் பக்கம் போகும் பஸ்களில் ரொம்ப நாள் அவள் முகத்தைத் தேடினேன். என் அம்மை போனபிறகு என்னை மக்கா என்று கூப்பிடவும் யாருமில்லை. மலையாள வீட்டில் வாழ்க்கைப்பட்டேன், மகளை மோளே என்றே கூப்பிட்டு வளர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து மகள் நொண்டிக்கொண்டு வந்தாள், கணுக்கால் பிசகியிருந்தது. தோளில் பெரிய பை வேறு. நான் எழுந்துபோய்ப் பையைப் பிடித்தேன். "விடு மக்கா, நான் உண்டு" என்று வந்துவிட்டது வாயில்.

அவள் பையை விடவில்லை. எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"ஆரெயா அம்மே விளிச்சே?"

உன்னைத்தான் என்றேன். அதையும் மலையாளத்தில்தான் சொன்னேன்.