தரைக்குக் கீழே ஒரு கல்யாணம்

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் எந்த பேனர் கட்டினாலும் கொத்தனார் பென்னி அதிலுள்ள முகத்தைப் பார்க்க மாட்டார். பின்பக்கம் போய் நின்று, வெயிலை நோக்கி அண்ணாந்து பார்ப்பார். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் உதட்டைப் பிதுக்கிவிட்டு நடப்பார். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவருக்கு ஒன்றுதான். ஓட்டை உண்டா, இல்லையா? பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் வெண்ணிலா இதைப் பார்த்திருக்கிறாள், பள்ளி நாளிலிருந்தே. கொத்தனாருக்கு பேனரில் என்ன வேலை என்பது, அவர் அவள் வீட்டுத் தரையை உடைத்தபோதுதான் புரிந்தது.

அப்பா விட்டுப்போன வீடு. மழை வந்தால் தரை வியர்க்கும். பழைய சிவப்பு சிமெண்ட் தரைமேலேயே டைல்ஸ் ஒட்டச் சொன்னவள் அவள்தான். கல்லூரி அலுவலகச் சம்பளத்தில் இரண்டு வருடம் சேர்த்த பணம். அடுத்த ஐப்பசியில் டைல்ஸ் இடுக்கெல்லாம் உப்புப் பூத்தது. இப்போது தங்கை துர்கா பிரசவம் முடிந்து வரப்போகிறாள். பச்சைக்குழந்தையை எங்கே படுக்கவைப்பது? ஓதத்தைத் தடுக்கும் பூச்சுக்கு ஒரு கம்பெனி சொன்ன விலையில் இன்னொரு பிரசவமே பார்த்துவிடலாம்.

"மேல பவுடர் பூசினா காய்ச்சல் போவுமாம்மா?" என்றார் பென்னி. "தண்ணி கீழேர்ந்து ஏறுது. கீழயே மடக்கணும்."

தோண்டி, மணல் பரப்பித் தட்டி, அதன்மேல் பழைய பேனர்களை விரித்தார். ஒன்றின்மேல் ஒன்று ஒரு முழம் ஏறி, சுவரோரம் ஒரு சாண் மடிந்து, மூட்டெல்லாம் அகல டேப். அதற்குமேல்தான் கான்கிரீட்.

கடைசி அறைக்கு ஒரு பேனர் குறைந்தது. வாசலில் கலவை தயார். பென்னி சைக்கிளில் போய் ஒரு சுருளோடு வந்தார். விரித்தால், மாலையும் கழுத்துமாக இஸ்திரிக்கடை குணாவும் ஏஞ்சலும்.

"ஐயோ அண்ணா, போன மாசம்தானே கல்யாணம்! குணா குடுத்துட்டானா?"

"ஞாபகத்துக்கு வெச்சிகினு இருந்தான். ஒரு வாரத்துல திருப்பித் தரேன்னு வாங்கினு வந்தேன்."

"கான்கிரீட்டுக்குக் கீழேருந்தா?"

"வேற பிரிண்ட் அடிச்சிக் குடுத்துடுவேம்மா. அதே மூஞ்சிங்கதானே! பாரு, ஒரு ஓட்டை இல்ல. சந்தோஷமான ஜோடி வேற. கொயந்தைக்கு நல்லது."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கலவை இறுகிக்கொண்டிருந்தது. வெண்ணிலா டேப்பை எடுத்து நீட்டினாள்.

ஐப்பசி மழையில் அந்த அறையில் செய்தித்தாளை விரித்துவைத்தாள். முன்பெல்லாம் காலையில் எழுத்து தரையோடு ஒட்டியிருக்கும். இம்முறை தாள் அப்பளம்போல மொறுமொறுத்தது. பென்னி அதைக் காதோரம் வைத்துக் கசக்கிக் கேட்டுவிட்டு, சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார்.

குணாவுக்கு வேறு பேனர் அடித்துத் தராமலே, தை மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டார். சந்திப்பில் அவருக்கும் பேனர் கட்டினார்கள். வெண்ணிலா பின்பக்கம் போய் அண்ணாந்து பார்த்தாள். ஒரு ஓட்டை இல்லை.

போன வாரம் குணா வந்தான்.

"அக்கா, பென்னி அண்ணன் எங்க பேனர இங்க எங்கனா வெச்சிட்டுப் போச்சா? அடிச்ச கடையில பைலும் இல்லியாம். ஏஞ்சல் தெனம் பேஜார் பண்ணுது."

"உக்காருப்பா, டீ போடறேன்."

துர்காவின் குழந்தை குப்புறக் கவிழ்ந்து விளையாடிய அறையில், அவன் தரையில் சம்மணமிட்டான். ஏஞ்சலின் பூச்சரத்துக்கு நேர் மேலே. உள்ளங்கையால் தடவிப் பார்த்தான்.

"இன்னாக்கா, தரை இப்டி காஞ்சி கீது!"