முதல் பத்துக்குள் இருந்த குரல்

இது நடந்து மூன்று வருடமாகிறது. அப்போது நான் நீர்வேலியில் ஒரு வாழைத் தோட்டத்தில் கூலிக்கு நின்றேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு முல்லைத்தீவுப் பக்கம் கரைவலை இழுத்தேன், தம்புள்ளையில் மரக்கறி மூட்டை ஏற்றினேன், கட்டாரில் இரண்டு வருடம் கட்டிடங்களுக்குக் கம்பி கட்டினேன். கட்டாரை விட்டால் எந்த ஊரிலும் இரண்டு மாரி நின்றதில்லை. நீர்வேலிக்கும் மழை தொடங்கப் போய்விடலாம் என்ற எண்ணத்தோடுதான் வந்தேன். படுக்க மோட்டர் கொட்டில் இருந்தது, மூன்று நேரமும் சோறு இருந்தது. எனக்கு அது போதும்.

தோட்டம் ஒரு அம்மாவுடையது. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன். நான் வருவதற்கு ஒரு வருடம் முன்பு அவன் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி ஐரோப்பாவுக்கென்று வெளிக்கிட்டுப் போயிருந்தான். ரஷ்யா வரை விமானம், அதற்குப் பிறகு காடு. "காட்டுக்குள்ளை நிக்கிறம், சரியான குளிர், இரண்டு நாளிலை கோல் எடுக்கிறன்" என்று ஒரு தரம் கதைத்திருக்கிறான். அவ்வளவுதான். ஏஜென்சிக்காரனின் தொலைபேசியும் பிறகு வேலை செய்யவில்லை.

அந்த அம்மா அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் இறைப்பு நாட்களில், நான் தண்ணீர் மிசினை இயக்கியதும் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்துவிடுவார். மகனுடைய இலக்கத்துக்குக் குரல் பதிவு அனுப்புவதற்காக. வாழைச் சாற்றின் கயர் ஏறி வெடித்த விரல்கள் அவருக்கு. போனின் கண்ணாடி அந்த விரலை மதிப்பதில்லை. அதனால் நான்தான் பொத்தானை அழுத்திப் பிடிப்பேன். மிசின் சத்தம் குரலை மூடுகிறது, தள்ளிப் போய்க் கதையுங்கள் என்று ஒருநாள் சொன்னேன்.

"அதுவும் போகட்டும் தம்பி. அவன் பிறந்ததிலை இருந்து கேட்ட சத்தம்" என்றார்.

எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார். "சாப்பிட்டியே மோனை?" பிறகு தோட்டத்துச் செய்தி, கிழக்குப் பக்கத்துக் கதலி குலை தள்ளியது, மதில் கரையில் நின்றது காற்றுக்கு முறிந்தது. குளிருக்கு ஏதாவது போட்டுக்கொள் என்பார். முடிக்கும்போது திரும்பவும், "சாப்பிட்டியே?"

அனுப்பியதும் என் முகத்தைப் பார்ப்பார். "எத்தினை சரி விழுந்திருக்கு?"

"ஒண்டுதான் அம்மா."

ஒரு சரி அடையாளம் என்றால் இங்கிருந்து போய்விட்டது, அங்கே சேரவில்லை என்று அர்த்தம். சேர்ந்தால் இரண்டு விழும். ஒரு வருடமாக ஒன்றுதான் விழுந்துகொண்டிருந்தது.

"சரி, நாளைக்குப் பாப்பம்" என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவார்.

உடுவில் பக்கம் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற அண்ணை ஒருவர் எனக்குப் பழக்கம். வேலை இல்லாத நாட்களில் அவருக்குப் பெட்டி தூக்கப் போவேன். வீட்டின் ஓர் அறையில் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, கணினி வைத்து, சொந்தமாகப் பாட்டுச் செய்துகொண்டிருந்தார். நாலைந்து பாட்டு இணையத்தில் ஏற்றியும் இருந்தார். அவர் மனைவியைத் தவிர யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் கட்டாரில் சீமெந்துப் பைக் கடதாசியில் நாலு வரி எழுதிப் பழகியவன் என்று அவருக்குத் தெரியும். "எனக்கு ஒண்டு எழுதித் தாவன்ரா" என்று கேட்டபடி இருப்பார்.

ஒருநாள் புதுத் தாளம் ஒன்று தேடிக் களைத்துப் போயிருந்தார். எங்கள் தோட்டத்து மிசின் சத்தம் நல்ல தாளம் என்று சொன்னேன். சொன்னதோடு நின்றிருக்கலாம். முந்தின நாள் அம்மா பேசி முடித்ததும் அந்தப் பதிவை என் போனுக்கும் ஒருமுறை தட்டிவிட்டிருந்தேன், ஏன் என்று எனக்கே தெரியாது. அதைப் போட்டுக் காட்டினேன்.

அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். "டேய், உது ஆற்றை குரல்?"

"நான் நிக்கிற வீட்டு அம்மா."

"உந்தக் குரலை ஒரு வருசம் தேடினாலும் எடுக்கேலாது. எனக்கு அனுப்பு."

"கேக்காமலோ அண்ணை?"

"கேட்டா ஓமெண்டு சொல்லுவாவே? பாட்டு வரட்டும். பிறகு கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுவம்."

அனுப்பினேன். உடனே இரண்டு சரி விழுந்தது.

நான் மெதுவான பாட்டாகத்தான் எழுதினேன். 'ஊர்விட்டு ஊர் போனவனே, உன்ரை சோத்துக் கோப்பை காயுது' என்று தொடங்கும். அண்ணை படித்துவிட்டுச் சிரித்தார். "அழுகைப் பாட்டை ஆரடா கேக்கிறது? இப்ப செத்த வீட்டிலையும் உது போடுறேல்லை. ஆட்டம் வேணும், ஆட்டம்." மிசினின் டக் டக்கைக் கூட்டி வேகமாக்கினார். அம்மாவின் குரலைத் துண்டு துண்டாக வெட்டி, 'சாப்... சாப்... சாப்பிட்டியே' என்று குதிக்க விட்டார். கேட்டபோது என் காலும் ஆடியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இணையத்தில் ஏற்றியபோது, வரிகள் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அதற்கு முன் என் பெயர் பள்ளிக்கூட வரவு இடாப்பிலும் கட்டார் கம்பனி அட்டையிலும்தான் இருந்தது. அம்மாவிடம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உடுப்பிட்டியில் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஆளுக்கொரு சோற்றுக் கோப்பையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அந்தப் பாட்டுக்கு ஆடினார்கள். அந்த வீடியோ எப்படியோ பரவியது. அதற்குப் பிறகு எல்லாரும் கோப்பையோடு ஆடினார்கள். நாய்க்குச் சோறு வைப்பவர்களும் அந்தப் பாட்டைப் போட்டார்கள். வானொலியில் ஞாயிறு காலை நேயர்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளை எண்ணி முதல் பத்துப் பாட்டுப் போடுகிற நிகழ்ச்சி ஒன்று இருந்தது. அதில் எங்கள் பாட்டு ஒன்பதாம் இடத்தில் ஏறியது. அடுத்த கிழமை ஐந்து. அதற்கடுத்த கிழமை இரண்டு. அண்ணை எனக்குக் கொத்து ரொட்டி வாங்கித் தந்து கட்டிப்பிடித்தார்.

அம்மா அதை மினிபஸ்ஸில் கேட்டார். ஆஸ்பத்திரியில் கிளினிக் முடிந்து வந்தவர், வீட்டுக்குள் போகாமல் நேரே தோட்டத்துக்கு வந்தார். நான் சருகு வெட்டிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, பஸ்ஸுக்குள்ளை என்ரை குரல் போகுது."

நான் வெட்டுவதை நிறுத்தினேன்.

"பொடியள் எல்லாரும் சேந்து படிக்கிறாங்கள். கொண்டக்டர் என்னைப் பாத்து, 'சாப்பிட்டியே ஆச்சி' எண்டு பகிடி விடுறான். அது நான்தான் எண்டு அவனுக்குத் தெரியாது."

"நான்தான் அம்மா குடுத்தனான்."

கொட்டிலுக்குள் இருந்த என் பையைத்தான் நினைத்தேன். இரண்டு நிமிடத்தில் எடுத்துக்கொண்டு போய்விடலாம். அவர் ஏசியிருந்தால், என் கையில் இருந்த கத்தியைப் பறித்துவிட்டுப் போ என்றிருந்தால், நான் போயிருப்பேன், இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் தண்ணீர்த் தொட்டிக் கட்டின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"உது எங்கையெல்லாம் போகும்?"

மன்னிப்புக் கிடைக்காதோ என்ற பயத்தில் வாயில் வந்த பெரிய பதிலைச் சொன்னேன். "உலகம் முழுக்கப் போகும் அம்மா."

"அப்ப அவனுக்கும் கேக்கும்" என்றார்.

அன்று மத்தியானம் எனக்கு இரண்டு தரம் சோறு போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் மறக்க முடியாதது. ஒரு சின்ன வானொலிப் பெட்டி வாங்கினார். வீடு வீடாகப் போனார். "பிள்ளை, ஒருக்கா அந்த நம்பருக்கு அனுப்பிவிடு" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று, அனுப்பும்வரை பார்த்துவிட்டு வந்தார். கோயிலடியில் பெண்களைப் பிடித்தார். குலை ஏற்ற வந்த வியாபாரியையும் விடவில்லை.

"என்னணை, தேர்தலிலை நிக்கிறியளே?" என்றான் அவன்.

"ஓம், உன்ரை வாக்கு எனக்குத்தான். போனை எடு" என்றார்.

ஊர் சிரித்தது, ஆனால் அனுப்பியது. ஞாயிறு பத்து மணிக்கு அவரும் நானும் வானொலிக்கு முன்னால் இருப்போம். பத்திலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வருவார்கள். இரண்டாம் இடத்தில் அந்த டக் டக் கேட்டதும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஆட்டப் பாட்டு ஒன்றைத் தேவாரம் கேட்பது போலக் கேட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

"முதலாமிடம் வந்தா இன்னும் தூரம் போகுமே?"

"போகும் அம்மா."

"இறங்கினா?"

"பிறகு போடமாட்டினம்."

அது மட்டும்தான் நான் சொன்ன உண்மை.

பாட்டு முதலாமிடத்துக்கு வரவே இல்லை. ஒரு சினிமாப் பாட்டு வந்து உட்கார்ந்தது. எங்களது நாலாம் இடம் போனது, பிறகு ஏழு. அம்மா அந்தக் கிழமை நீர்வேலியைத் தாண்டிக் கோப்பாய் வரை நடந்தார். ஒரு வீட்டில், "அம்மா, அந்தப் பாட்டுச் சலிச்சுப் போச்சு" என்று முகத்துக்கு நேரே சொன்னார்களாம். பாட்டு பத்துக்கு இறங்கியது. அடுத்த ஞாயிறு பத்தாம் இடத்தில் வேறு பாட்டு வந்தது. அவர் எழும்பவில்லை. ஒன்பது, எட்டு என்று கடைசிவரை கேட்டார். நிகழ்ச்சி முடிந்து, நகைக் கடை விளம்பரம் முடிந்து, செய்தி தொடங்கியது.

"விட்டிட்டினமோ?"

"ஓம் அம்மா."

"அவன் இன்னும் கேக்கேல்லையே" என்றார்.

எனக்கு அந்த இடத்தில் செத்துவிடலாம் போல இருந்தது.

அடுத்த நாள் வானொலி நிலையத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னார். போனோம். முன் மேசையில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. நேயர்கள் அனுப்பினால்தான் போடலாம், தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று பொறுமையாக விளங்கப்படுத்தியது. "அந்தக் குரல் நான்தான் பிள்ளை" என்றார் அம்மா. அந்தப் பிள்ளைக்கு ஒரே சந்தோசம். போனை எடுத்து நீட்டி, "ஐயோ அம்மா, நீங்களே! ஒருக்கா அப்பிடியே சொல்லுங்கோ" என்று கேட்டது.

அம்மா சொன்னார். "சாப்பிட்டியே மோனை?" அதோடு நிற்கவில்லை. கதலியைச் சொன்னார், குளிருக்குப் போடச் சொன்னார், பாட்டு இறங்கிவிட்டது, அதனால் அம்மா மறந்துவிட்டதாக நினைக்காதே என்றார். அந்தப் பிள்ளையின் கை பாதியில் கீழே இறங்கிவிட்டது. அம்மா மேசையைப் பார்த்துச் சொல்லி முடித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கம் சாய்ந்து ரகசியம் போலச் சொன்னார். "முந்தினதிலை பேர் சொல்லேல்லை, தம்பி. எத்தினை தாய்மார் மோனை எண்டு கூப்பிடுகினம். அதுதான் அவனுக்கு விளங்கேல்லை. இன்னொண்டு போடுவம். இந்த முறை பேர் சொல்லிக் கூப்பிடுறன்."

மறுநாள் மிசினை இயக்கச் சொன்னார். முதல்நாள் மழை பெய்து வாழைகள் தண்ணீருக்குள் நின்றன. இறைக்க ஒரு பாத்தியும் இல்லை. இருந்தும் இயக்கினேன். தண்ணீர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு சும்மா ஓடியது. அவர் மகனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயரை அதுவரை அவர் என் முன்னால் சொன்னதே இல்லை.

அண்ணை அதைக் கேட்டுவிட்டுக் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "உதுக்கு நான் தாளம் போடமாட்டன்" என்றார். பிறகு ஒன்றும் சேர்க்காமல் அந்தப் பதிவை அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டார். அதைக் கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம். கீழே ஒரே ஒருவர் எழுதியிருந்தார், 'ஆடுற மாதிரிப் போடுங்கோ' என்று.

மாரி முடிய முன்பே நான் வெளிக்கிட்டேன். வவுனியாவில் வேலை கிடைத்திருக்கிறது என்றேன். கிடைக்கவில்லை. ஏன் போகிறாய் என்று அம்மா கேட்கவில்லை. ஒரு சீப்புக் கதலியைப் பையில் வைத்துவிட்டு, என் இலக்கத்தை மட்டும் போனில் பதியச் சொன்னார்.

இப்போது மன்னாரில் ஒரு மீன்வாடியில் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடமிருந்து குரல் பதிவு வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளை பொத்தானைப் பிடிக்கிறதாம். "இண்டைக்கு எத்தினையாமிடம் தம்பி?" என்று கேட்பார். எங்கள் வானொலியில் இல்லை என்று அவருக்குத் தெரியும். வெளிநாட்டு வானொலிகளில் எத்தனையாம் இடம் என்றுதான் கேட்கிறார். ஏனென்றால் அங்கேயும் அப்படி ஒரு வரிசை இருப்பதாக நான்தான் சொல்லிவைத்தேன். கனடாவில் மூன்றாம் இடம் என்பேன், ஜேர்மனியில் ஐந்து என்பேன். ஒருமுறை, "அந்தக் காட்டுப் பக்கம் போகுதோ?" என்று கேட்டார். அங்கேயும் போகிறது என்றேன். மூன்று வருடமாக நான் ஒரு வரிசையை இட்டுக்கட்டி நடத்திக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு வந்த பதிவில் அவர் இடம் கேட்கவில்லை. மிசின் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அது மட்டும்தான் கேட்டது. பிறகு, "சாப்பிட்டியே மோனை?" என்றார். என்னை அவர் ஒருநாளும் மோனை என்று கூப்பிட்டதில்லை. இலக்கம் மாறி வந்துவிட்டதோ என்று இரண்டு தரம் பார்த்தேன். எனக்குத்தான் அனுப்பியிருந்தார்.

நான் அன்று சாப்பிட்டிருக்கவில்லை. "ஓம் அம்மா, சாப்பிட்டன்" என்று பதில் அனுப்பினேன்.

அந்தக் கேள்வியை ஊரெல்லாம் ஆட விட்டவன் நான். பதில் சொல்ல வேண்டியவனுக்குப் போய்ச் சேராமல் அது கடைசியில் என்னிடம் வந்து நிற்கிறது என்பதை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.