பாதியில் சொன்ன சாட்சி

எங்கள் தேயிலை மலையில் இருமல் ஒரு செய்தியே அல்ல. பனி இறங்கினால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்க இருமும். நாய்கூட இருமும் என்பார்கள். அதனால் என் மனைவி ஸ்டெல்லா மார்கழியிலிருந்து இருமியதை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. கொழுந்துக் கூடை கனக்கிறது என்றாள். சளியில் ரத்தம் பார்த்த அன்றைக்குத்தான் வட்டவளையில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

சளியைச் சோதித்து, நெஞ்சைப் படம் பிடித்து, காசநோய் (நுரையீரலை அரிக்கும் கிருமி நோய், காற்றில் தொற்றும்) என்றார்கள். டாக்டர் அம்மா சிங்களவர். தெரிந்த தமிழைக் கூட்டிச் சேர்த்து, "பயம் வேணாம். மருந்து சும்மா குடுக்குறது. ஆனா ஆறு மாசம். ஒரு நாளும் விட வேணாம்" என்றார்.

இந்த நோய் வந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். மாத்திரை தொடங்கியதும் மூத்திரம் சிவந்து போகும். அது மருந்தின் நிறம், ரத்தமல்ல. கண்ணீருக்குக்கூட அந்த நிறம் ஏறும். ஒருநாள் ஸ்டெல்லா அழுது முடித்து, பால் விடாத தேநீர் நிறத்தில் கறைபட்ட கைக்குட்டையைப் பார்த்துவிட்டு, "பாருங்க, அழுதாக்கூட பிளேன்டீதான் வருது" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம்.

முதல் இரண்டு மாதம் தோட்ட மருந்தகத்தில், அங்குள்ளவர்கள் கண்முன்னே விழுங்கினாள். இருமல் நின்றது, கன்னத்தில் சதை வந்தது. அதன்பிறகு மாத்திரையை வீட்டுக்குத் தந்தார்கள்.

அப்போதுதான் எங்கள் சபையின் வழக்கம் குறுக்கே வந்தது. ஞாயிறு ஆராதனையில், சுகம் பெற்றவர்கள் எழுந்து சாட்சி சொல்வார்கள். ஸ்டெல்லாவும் எழுந்தாள். "கர்த்தர் எனக்கு முழு சுகம் தந்தார்" என்றாள். எல்லோரும் ஆமென் சொன்னோம்.

மறுநாள் காலை, பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ரோசக்கா அவள் கையில் மாத்திரையைக் கண்டுவிட்டார்.

"ஏன்டி, முழு சுகம்னு சாட்சி சொன்னியே, அப்புறம் என்னாத்துக்கு மாத்திர?"

"டாக்டரு சொன்னாங்கக்கா…"

"விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு சொல்லுவாங்க. நீ மாசக்கணக்கா முழுங்குற! கர்த்தர நம்பலியா?"

ரோசக்கா கெட்டவர் அல்ல. நோய் என்று தெரிந்த பிறகும் எங்கள் வாசலுக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்ன பழமொழியும் நல்ல பழமொழிதான். இந்த நோயைப் பற்றி அதற்குத் தெரியாது, அவ்வளவே. ஆனால் அந்தக் கேள்வி ஸ்டெல்லாவைத் தைத்துவிட்டது. எனக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

இருமல் திரும்பி வந்த பிறகுதான் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சபைக்கு முன்னால சொல்லிட்டேங்க. இப்ப குடிச்சா கர்த்தர் பேரு கெட்டுப் போகாதா?"

"நீ செத்துப் போனா அவரு பேரு நல்லா இருக்குமா?" என்றேன். கோபத்தில் வந்த வார்த்தை.

டாக்டர் அம்மா திட்டவில்லை. "கிருமி சாகல்ல அம்மா, தூங்குது. பாதியில விட்டா முழிச்சு, மருந்தையும் பழகிக்கும். பிறகு நாங்க என்ன குடுக்குறது?" மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறிவிட்டதா என்று பார்க்க, சளியை மறுபடி சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வரும்வரை காத்திருந்ததுதான் எங்களுக்குப் பெரிய நோய். ஜெபம் பண்ண உட்காருவோம், வார்த்தை வராது. அப்படி ஒரு மாலையில் ஸ்டெல்லா கேட்டாள்: "பைபிள்ல வர்ற அந்தக் குஷ்டரோகிப் படைத்தலைவன, சுகமாக யோர்தான் ஆத்துல ஏழு தடவ முழுகச் சொன்னாங்கல்ல? ஆறாவது முழுக்குல போதும்னு கரையேறியிருந்தா?"

நான் கையிலிருந்த பைபிளை மூடினேன்.

"நான் ரெண்டாவதுலயே ஏறிட்டேங்க" என்றாள்.

கிருமி இன்னும் மருந்துக்கு அடங்கும் என்று முடிவு வந்தது. ஆனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மருந்தகத்துக்கு நடக்க முடியாதபடி மெலிந்திருந்ததால், வீட்டிலேயே தினமும் வேறொருவர் கண்முன் விழுங்கச் சொன்னார்கள். "பார்த்தேன் சொல்ல ஆள் வேணும். சாட்சி" என்றார் டாக்டர் அம்மா. சிங்களத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான். ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ரோசக்காவைக் கூப்பிட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை. "அவங்களையா?" என்றேன்.

"கேட்டவங்க அவங்கதான. அவங்களே பாக்கட்டும்."

மாத்திரையை நிறுத்தியதைக் கேட்டு ரோசக்கா அழுதார். பிறகு, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் தினமும் வந்து நிற்பார்.

"வாயத் தொற. ம்… நாக்கத் தூக்கு."

"கண்டாக்கு ஐயா கூடையக் கொட்டி கொழுந்து சோதிக்கிற மாதிரி பாக்குறீங்களேக்கா!"

"ஒன்ன நம்ப முடியாதுடி. நீ சாட்சியே பாதியில சொன்னவ."

இனி தொற்றாது என்று டாக்டர் சொன்ன பிறகு, ஸ்டெல்லா சபைக்குப் போனாள். சாட்சி நேரத்தில் மறுபடி எழுந்தாள். "போன தடவ நான் அவசரப்பட்டுட்டேன். எனக்கு இன்னும் சுகமாகல. இன்னிக்கு மாத்திர முழுங்க கர்த்தர் பெலன் தந்தாரு. நாளைக்கும் தருவாரு."

சுகமாகாதவள் சொன்ன சாட்சியை எங்கள் சபை அதுவரை கேட்டதில்லை. ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லோரும் விழித்தார்கள். பின்வரிசையிலிருந்து ரோசக்காவின் குரல் கேட்டது:

"ஆமென்னு சொல்லுங்களேன்! காலையில நான்தான் பாத்தேன்!"

பாஸ்டரே சிரித்துவிட்டார். ஆமெனும் வந்தது.

ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும் என்பார்கள். இந்த முறை நாங்கள் ஆறப் பொறுத்தோம். கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. இதை எழுதும்போது அவள் மாத்திரை எதுவும் குடிப்பதில்லை.

நுரையீரல் படத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. அது போகாது என்றார்கள். மேட்டில் ஏறும்போது ஸ்டெல்லா நடுவில் நிற்கிறாள். ஆரம்பத்தில், யாராவது பார்த்தால் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிவாள். இப்போது சும்மா நிற்கிறாள். பள்ளத்தாக்கில் மேகம் நகர்வதைப் பார்க்கிறாள். பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிடுகிறாள். நானும் நிற்கிறேன். "போகலாமா?" என்று கேட்பதில்லை. மூச்சு வந்ததும் அவளே முதல் அடி எடுத்து வைப்பாள்.